கசிந்த மாதிரிப் படம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றே காலுக்கு அபிஷன் தன் கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வந்தான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், புடவைக் கடைக்கு மேலே யூஜினாவின் ஸ்டூடியோ. அவளும் தம்பி றொஹானும் சேர்ந்து தொடங்கியது. இப்போது படம் எடுப்பவள் யூஜினா மட்டும்தான். றொஹான் படம் எடுப்பதை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்தபடி யூடியூப்பில் கமராக்களைப் பற்றிக் கதைக்கிறான்.

அபிஷன் தாலி கட்டும் படங்கள் வரை வந்தான். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளினான்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமே? அந்தப் புதுக் கமரா உங்கட கையிலதானே இருக்கு?"

"எந்தக் கமரா?"

"சும்மா நடியாதேங்கோ. றொஹான் அண்ணா நேற்று ராத்திரி வீடியோ போட்டவர். புது சென்சர். கம்பனி இன்னும் வாயே திறக்கேல்ல. ஆனா அதால எடுத்த படம் ஒண்டு கசிஞ்சு இவருக்கு வந்திருக்கு. ஆர் குடுத்ததெண்டு சொல்ல மாட்டாராம்."

கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் அந்த சென்சரைப் பற்றி யூஜினாவுக்குத் தெரியும். வீட்டில் சோறு தின்னும்போதும் அதுதான் கதை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளுமாம். இருட்டும் தெரியுமாம், விளக்கும் எரிந்து வெளுக்காதாம். எவரும் அதைக் கண்டதில்லை. எங்கோ ஒரு வரைபடம், பெயர் சொல்லாத ஒரு பொறியியலாளன், மிச்சமெல்லாம் றொஹானின் ஊகம். ஊகத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடினார்கள். கையிலிருக்கும் கமராவால் ஒரு படம் எடுக்காதவர்கள், வராத கமராவுக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். அவளுக்கு அந்தப் பேச்சே குமட்டும். ஆனாலும் தம்பி. விட்டுவிட்டாள்.

அபிஷன் போனை நீட்டினான்.

ஒரு வயதானவரின் முகம். கண் மூடியிருந்தது. ஒரு பக்கம் மெழுகுதிரி வெளிச்சம், மறுபக்கம் இருட்டு.

"தாத்தா ஒருத்தர் நித்திரை கொள்ளுறார். வேற லைட்டே இல்லையாம். பாருங்கோ, இவ்வளவு இருட்டில ஒரு பொட்டு நொய்ஸ் இல்லை, படம் பொரியேல்ல. தோல்தான் சரியில்லை. மெழுகு மாதிரிக் கிடக்கு. சென்சரில பிழையெண்டு கனபேர் எழுதியிருக்கினம்."

அது கிளெமென்றின் முகம். யூஜினாவின் தகப்பன். போன மாதம் செத்தவர்.

யூஜினா கீழே தள்ளி, பார்த்தவர்கள் எழுதியிருந்ததை வாசித்தாள். இந்த சென்சர் சிவப்பைச் சரியாக வாங்கவில்லை, கன்னத்தில் இரத்தமே தெரியவில்லை என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர். தாடையில் பவுடர்த் துகள்களைக்கூட எண்ணலாம் என்று இன்னொருவர். அது பவுடர் இல்லை, தோலின் துவாரம், கண்ணாடி போட்டுப் பார் என்று அவருக்கு ஒருவர். ஐயா நல்ல நித்திரை, எழுப்பிவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்க் கையைக் கழுவினாள். சவர்க்காரம் போட்டு இன்னொரு தரம் கழுவினாள்.

"மிச்சத்தை நாளைக்குப் பாப்பம் தம்பி."

"ஏன் அக்கா, பிழையா ஏதும் கேட்டிட்டனோ?"

"இல்லை. வீட்டை ஒரு வேலை."

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். ஞானஸ்நானம், முதல் நன்மை, கலியாணம், அதற்கடுத்த பக்கத்தில் பெட்டி. யூஜினா எத்தனையோ வீட்டுக்கு எடுத்திருக்கிறாள். பொரளையில், பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையில், தன் தகப்பனுக்கும் அவளே எடுத்தாள். எல்லாரும் விலகிய பிறகு தாய் பிறிஜெற் அவளுடைய முழங்கையைப் பிடித்து, "முகத்தை மட்டும் ஒண்டு எடு மகள்" என்றாள். பிளாஷ் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலைமாட்டு மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்தாள். படம் மண்ணள்ளி எறிந்ததுபோலப் பொரிந்துபோய் வந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரியும். இரண்டு மூக்கோட்டையிலும் பஞ்சு. சவரம் செய்தவன் தாடையில் வெட்டிய காயத்துக்கு மேல் பவுடர் அப்பியிருந்தான். அந்தப் படத்தை அவள் திறந்து பார்க்கவேயில்லை. ஸ்டூடியோப் படங்களோடு அதுவும் டிஸ்கில் கிடந்தது. அந்த டிஸ்க் றொஹானுக்கும் பொது.

அபிஷனின் போனில் பஞ்சு இருக்கவில்லை.

த்ரீவீலர் புறக்கோட்டையில் சிக்கி நின்றபோது அவள் றொஹானுக்கு அழைத்தாள். அவன் அழைப்பை வெட்டினான். 'ரெக்கோர்டிங்' என்று ஒரு சொல் வந்தது. அவளுக்கு வேறு பயம். மம்மா மகனுடைய வீடியோ ஒன்றையும் விடமாட்டாள். ஒரு சொல்லும் விளங்காது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, லைக் போட்டுவிட்டுத்தான் ஜெபமாலையை எடுப்பாள். நேற்று அவள் படுத்த பிறகு போட்டிருக்கிறான். இப்போது கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு, செவ்வாய் நவநாள் பூசைக்குப் போயிருப்பாள். அவள் வருவதற்குள் அந்தப் படம் போய்விட வேண்டும். யூஜினாவுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

தகப்பனின் அறையை றொஹான் செத்தவீடு முடிந்த கிழமையே எடுத்துக்கொண்டான். யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தான். கட்டில் அப்படியே கிடந்தது. உள்ளே எண்ணெய் மணம். மேசையில் கடதாசிப் பையில் மீன் ரோல்ஸ். சுவரளவு திரையில் ஒரு கண் இமை. மயிர்கள் ஒவ்வொன்றும் விரல் தடிப்பில் நின்றன. இமைகளுக்கு இடையில் ஏதோ காய்ந்து பளபளத்தது.

"மெதுவா வாங்க அக்கா, மைக் ஓண்ல இருக்கு."

"மூடு அதை."

"எதை?"

"பப்பாவை."

அவன் மைக்கை நிற்பாட்டினான். திரையை மூடவில்லை. ரோல்ஸில் ஒரு கடி கடித்தான்.

"முகம் மட்டும்தானே போட்டிருக்கன். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நீங்கதான் சப்ஸ்கிரைப் பண்ணவே இல்லையே."

"றொஹான்."

"சரி சரி. சொல்லுங்க."

"பஞ்சு எங்க?"

"எந்தப் பஞ்சு?"

"மூக்கில இருந்தது."

அவன் வெட்கப்பட்டவன்போலச் சிரித்தான். பாராட்டை எதிர்பார்த்த சிரிப்பு.

"அதுக்குத்தான் ஒரு ராத்திரி முழுக்கப் போனது. நொய்ஸைக் கழுவுறது லேசு, புரோகிராம் தானா செய்யும். மூக்கோட்டைக்கு உள்ள இருட்டுத்தான் சரியா வரேல்ல. கடைசியில வேற மூக்கு ஒண்டை வெட்டி வச்சன்."

"ஆற்ற மூக்கு?"

"உங்கட கஸ்டமர் ஒருத்தர். அபிஷனோ ஆரோ. தலைப்பாகை கட்டேக்க அண்ணாந்து நிக்கிறார் பாருங்க, அந்தப் படம். நல்ல ஆங்கிள்."

கட்டிலில் உட்காரப் போன யூஜினா உட்காராமல் நின்றாள்.

"பப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார் அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே அவரை."

"இருந்திருந்தா உனக்கு இந்தப் படம் இல்லை."

"நான் பொய் சொல்லேல்ல. அந்த சென்சர் வரத்தான் போகுது. வரேக்க படம் இப்படித்தான் இருக்கும். நான் கொஞ்சம் முந்திச் சொல்றன், அவ்வளவுதான்."

"செத்த மனிசன்ட முகத்தை வச்சா?"

"வேற எதை வைக்க? பூனையை வச்சா ஆர் பாப்பான்? ஒரே ஒரு மெழுகுதிரி, அசையாத முகம். எந்த உசிருள்ள மனிசன் இவ்வளவு நேரம் அசையாம இருப்பான்?"

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்றான். பிறகு கதிரையைத் திரைக்கு நெருக்கமாக இழுத்தான்.

"அக்கா, நீங்க வந்தது நல்லது. சனம் இப்ப றோ ஃபைல் கேக்குது. கமரா எழுதின மூலப் படம், ஒண்டும் செய்யாதது. அது டிஸ்கில இல்லை. உங்கட கார்ட்டிலதானே இருக்கு?"

"எதுக்கு?"

"தோல் மெழுகு மாதிரியாம், சத்தம் போடுறாங்கள். இங்க பாருங்க." எண்ணெய் விரலைத் திரையில் வைத்தான். விரலை எடுத்தபோது கன்னத்தில் ஒரு மங்கல் தடம் இருந்தது. "மூலப் படம் கிடைச்சா இந்த இடத்துக்குக் கொஞ்சம் இரத்தம் குடுத்துடுவன். உதட்டுக்கும் கொஞ்சம். பிறகு ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். தன் சட்டைக் கையை இழுத்து அதைத் துடைத்தாள். துணி இழுபட்டு எண்ணெய் இன்னும் பரவியது.

"மம்மா வர முந்தி அதை யூடியூப்பால எடு."

"மம்மாவுக்கு இந்த சென்சர் கதையெல்லாம் விளங்குமா?"

"சென்சர் விளங்காது. புருசனைத் தெரியும்."

"நாளைக்குப் பெரிய சேனல் ஒண்டில இதைப் பற்றிக் கதைக்கப் போறாங்கள் அக்கா. என்ர பெயரைச் சொல்லுவாங்கள். ஒரு நாள் விடுங்க."

"இப்ப எடு."

அவள் மௌஸைப் பிடித்தாள். அவன் கையால் அதை மூடினான். இருவரும் சின்னப் பிள்ளைகள்போல இழுபட்டார்கள். இமை சுருங்கி, நெற்றி வந்து, முழு முகமும் திரையில் வந்து நின்றது.

கேற் திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

யூஜினா திரைக்கு முன்னால் போய் நின்றாள். திரை பெரிது. அவளுடைய தோளுக்கு மேலால் நெற்றியும், ஒரு கண்ணும் தெரிந்தன.

"யூஜி? என்ன இந்த நேரத்தில? ஸ்டூடியோவை ஆரிட்ட விட்டிட்டு வந்த?" பிறிஜெற் கறுப்புச் சேலையில் வாசலில் நின்றாள். கையில் கோவில் பூ. "என்ன, சண்டையா? ரோட்டு வரைக்கும் கேக்குது."

அவளுடைய கண் மகளின் தோளுக்கு மேல் போனது.

யூஜினா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அழுகை போதும். ஒரு ஏச்சு போதும். தாய் ஏசினால் றொஹான் இந்த நிமிடமே அழித்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்த ஒரு குரலுக்குத்தான் பயம்.

பிறிஜெற் பூவை மேசையில் வைத்தாள். பையைத் துழாவி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். கிட்ட வந்தாள்.

"தள்ளு மகள். மறைக்காத."

"மம்மா, பாக்க வேணாம். இவன் இதை ஊர் முழுக்க..."

"தள்ளெண்டு சொல்றன்."

யூஜினா விலகினாள். தாய் கட்டிலின் விளிம்பில், தான் முன்பு படுத்த பக்கத்தில், உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்தாள். தெருவில் பாண்காரனின் த்ரீவீலர் பாட்டோடு போனது. றொஹான் வாயிலிருந்ததை மெல்லாமல் வைத்திருந்தான்.

"பஞ்சை எடுத்திட்ட."

"ஓம் மம்மா."

"அந்தப் படுபாவி வெட்டின காயம் இன்னும் கிடக்குது."

"அதையும் எடுக்கலாம் மம்மா. லேசு."

யூஜினா வெளியே போகத் திரும்பினாள். வாசலில் நின்றாள்.

பிறிஜெற் கை நீட்டி, திரையில், மூடியிருந்த இமைமேல் விரலை வைத்தாள்.

"கண்ணைத் திறந்து விட ஏலுமா மகன்?"