சோடிப் படம்

ஒன்பது மணிக்கு அந்தோனியார் கோயில் வாசலில் சத்தியம். எட்டே கால் ஆகியும் பெனடிக்ற் சாரத்தை மாற்றவில்லை. அவன் பெண்சாதி ஜெனிஸ்ரா ஸ்திரிக்கை போட்டு வைத்த சட்டை கதிரையில் அப்படியே கிடந்தது.

"நான் சத்தியம் பண்ணமாட்டன்" என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

சத்தியத்துக்கு மறுத்தவனைக் கள்ளன் என்று முடிவு கட்டிவிடுகிற ஊர் அது. பிறகு மன்னார்க் கரையில் எந்த வள்ளமும் அவனை ஏற்றாது. சங்கு குளிப்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

"எடுக்காத சங்குக்கு என்ன பயம்? போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

அவன் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டான்.

வினை எல்லாம் அவள் கீறிய படத்தால் வந்தது. பெனடிக்ற் முன்பொருநாள் கொண்டுவந்து கொடுத்த, உதடு உடைந்து விலைபோகாத சங்கு ஒன்று, பெருக்கமரத்தடியில் பொறுக்கிய ஒரு பெருக்கங்காய், கரையில் ஒதுங்கிய பவளக்கல். மூன்றையும் மேசையில் வைத்து அவள் வர்ணம் தீட்டியிருந்தாள். கீரிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் சியாம் அதைப் பார்த்துவிட்டு, ஆறு அறைக்கும் சோடி சோடியாகப் பன்னிரண்டு வேண்டும், அச்சடித்தது சரிவராது, எல்லாம் கையாலேயே கீறித் தரவேண்டும் என்று கேட்டான். பதினொன்று போய்விட்டது. போன சனிக்கிழமை யாரோ சொந்தக்காரரின் கலியாணப் பேச்சுக்கு அந்த விடுதிக்குப் போன வள்ளச் சொந்தக்காரர், சம்மாட்டி அலியார், தன் கதிரைக்கு நேர் எதிரே தொங்கிய படத்தைக் கண்டு தேத்தண்ணியையும் மறந்துபோனார். படத்தில் இருந்தது வலம்புரிச் சங்கு.

கடலில் அள்ளுகிற சங்கெல்லாம் இடம்புரிதான், சுருள்முனை மேலே இருக்கப் பிடித்தால் வாய் வலப்பக்கம் திறக்கும். எப்போதாவது ஒன்று, வாய் மறுபக்கம் திரும்பி, வலம்புரியாக வரும். வந்தால் அது எடுத்தவனுக்குச் சொந்தமில்லை. சம்மாட்டிக்கும் வள்ளத்தில் போன ஆறு குளியாட்களுக்கும் பொது. அதை ஒளிக்கிறவன் மற்றவர்களின் சோற்றில் கைவைத்தவன். 'கண்ணால காணாமல் இப்பிடி அச்சொட்டாக் கீறேலாது' என்று அலியார் சொன்னார். அவர் சங்கு குளிக்கப் போகாத மனிதர், ஆனால் முப்பது வருடமாகச் சங்கையே பார்த்துப் பார்த்துக் கண் பழுத்தவர். போதாததற்கு, போன மாதம் அவருடைய ஸ்ரோர்ப் பூட்டின் திறப்பு தொலைந்துபோன அன்று சங்குச் சாக்குகள் விடியும்வரை பெனடிக்ற் வீட்டு முற்றத்தில்தான் கிடந்தன. பொலிசுக்குப் போகச் சொன்னவர்களை அலியார் தடுத்துவிட்டார். "அவன்ர கோயிலில அவன் சத்தியம் பண்ணட்டும். எனக்கு அது போதும்" என்றார். அவ்வளவு மரியாதை வைத்த மனிதரிடம் இவன் மாட்டேன் என்று சொல்லப் போகிறான்.

ஜெனிஸ்ரா அறைக்குள் ஓடினாள். பன்னிரண்டாவது படம் துணியால் மூடியபடி மேசையில் நின்றது. துணியை உருவி எறிந்தாள். உடைந்த சங்கை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில், அதே மாதிரி சரித்து வைத்தாள். சங்கின் வாய் வலப்பக்கம் பார்த்தது. படத்தில் இருந்த சங்கின் வாய் இடப்பக்கம் பார்த்தது.

சோடிப் படங்கள் சுவரில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கவேண்டும் என்று சியாம் சொன்னதற்காக, அவள் உருவை எடுத்து வைத்திருந்த ரேசிங் தாளை மறுபுறம் திருப்பிப் போட்டு ஆறு படத்துக்குக் கோடு பதித்திருந்தாள். காய் திரும்பினாலும் காய்தான், கல் திரும்பினாலும் கல்தான். சங்கு திரும்பினால் வேறு சங்கு. குளியாளின் பெண்சாதிக்கு இது தெரியாமல் போனதே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, தாளைச் சுருட்டி, சங்கைப் பையில் போட்டு, சைக்கிளை எடுத்தாள்.

சோளகக் காற்று எதிரே பிடித்துத் தள்ளியது. பாதி வழியில் சங்கிலி கழன்றது. அதை மாட்ட நேரமில்லை. சைக்கிளை வேலியோரம் போட்டுவிட்டு ஓடினாள். கோயில் மணி ஒன்பது அடிப்பது காதில் விழுந்தது.

வாசலில் மற்ற ஐந்து குளியாட்களும் நின்றார்கள். அலியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே ஒதுங்கி நின்றார். பெனடிக்ற் அந்தோனியார் சொரூபத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"சத்தியம் வேண்டாம் சம்மாட்டி" என்றான். "நான்தான் எடுத்தனான். வித்துப்போட்டன். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

குளியாட்களில் றொஷான் அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டான். பத்து வருடமாக ஒரே கயிற்றில் இறங்கி ஏறியவன். "என்ர பிள்ளையளின்ர வயித்தில அடிச்சிட்டாய்" என்று சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்தது.

"விடுங்கோ அவரை" என்றாள் ஜெனிஸ்ரா. மூச்சு வாங்கியது. "அலியார் நானா, இதை ஒருக்காப் பாருங்கோ. பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

ரேசிங் தாளை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். கோட்டில் இடம்புரிச் சங்கு. தாளைத் திருப்பினாள். அதே சங்கு வலம்புரி ஆயிற்று. மீண்டும் திருப்பினாள். பையிலிருந்த சங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அலியார் கண்ணாடியைப் போட்டு, கைபேசியில் எடுத்து வைத்திருந்த விடுதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடைந்த உதட்டின் மூன்று பல்லும் படத்தில் இருந்தன, பக்கம் மட்டும் மாறி. பெருக்கங்காயின் காம்பும் தாளில் ஒரு பக்கம், படத்தில் மறுபக்கம். தாளை வாங்கி அவரே ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்" என்றார் கடைசியில், மெதுவாக. "சங்கை மட்டும் பாத்தனே ஒழியப் படத்தைப் பாக்கேல்ல. என்னில பிழை, தங்கச்சி."

றொஷானின் கை தானாகவே தளர்ந்தது. அலியார் பெனடிக்ற் பக்கம் திரும்பினார்.

"இல்லாத சங்கை நீ எப்பிடியடா வித்தனி?"

பெனடிக்ற் கசங்கிய கொலரை இழுத்துச் சரிசெய்தான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. அவர்கள் ஒவ்வொருவராக அவனை விட்டு ஜெனிஸ்ராவைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். முற்றத்துச் சாக்கிலிருந்து அவள்தான் எடுத்திருப்பாள் என்று நம்பியவன், கோயில் வாசலில் பொய்ச் சத்தியம் பண்ணவும் துணியாமல், அவளைக் காட்டிக் கொடுக்கவும் மனமில்லாமல், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அந்த வெயிலில் நிற்க அவளுக்குக் கூசியது.

"நாளைக்கு விடிய வள்ளத்துக்கு வா" என்று சொல்லிவிட்டு அலியார் செருப்பை மாட்டினார்.

திரும்பி வரும் வழியில், வேலியோரம் கிடந்த சைக்கிளை அவன் நிமிர்த்திச் சங்கிலியை மாட்டினான். கையெல்லாம் கிறீஸ்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டு, நீ ஓமெண்டிருந்தா?"

தனக்காகக் கள்ளன் பட்டம் சுமக்கத் துணிந்தவன் என்று அவள் நெஞ்சு இளகியது. தன்னைக் கள்ளி என்று நம்பியவன் என்று அதே நெஞ்சு எரிந்தது. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், வீடு வரும்வரை அவள் அவனுக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.