கண்ணடித்தால் வரும் அப்பம்

1914இல், ஊமைப்படங்கள் எடுக்கும் ஊரான ஈடன்டேலில் ஹிராம் பக்லி பிற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தபோதெல்லாம், வானத்திலிருந்து கிரீம் நிரப்பிய ஓர் இனிப்பு அப்பம் வந்து அவன் முகத்தில் அப்பிக்கொண்டது. வீசியவர் யாருமில்லை. ஊமைப்படங்களில் மனைவிக்குத் தெரியாமல் பூங்காவில் வழிகிற கணவன் வேடம் அவனுக்கு. அவனை அப்பத்தால் அடிக்கும் மனைவி வேடம், வீட்டிலும் மனைவியான லூலாவுக்கு. அப்பச் செலவு மிச்சம் என்று ஸ்டுடியோ மகிழ்ந்தது. கறுப்பு முடிக்கு வெள்ளைக் கிரீம், பொன்முடிக்குக் கறுத்த பிளாக்பெர்ரிப் பழக்கூழ், இல்லாவிட்டால் திரையில் தெரியாது என்பது சிரிப்புப் படக்காரர்களான எங்கள் தொழில் விதி. வானமும் அதை மதித்தது. ஹிராமுக்குக் கறுப்பு முடி.

லூலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என் பொறாமை ஊர் பூரா வழியுது. உன்னுது எங்கய்யா? வீட்டுக்கு ஐஸ்கட்டி போடற ஐஸ்காரன்கிட்ட அவ்வளவு குழைஞ்சேன், என் மேல ஒரு சொட்டு விழுந்துச்சா?"

"நீ விளையாட்டுக்குத்தானே குழையறே, கண்ணு" என்றான் ஹிராம். அந்த வருடத்தின் மிக மோசமான பதில் அது.

மறுநாள் அவன் பூங்காவில் நாலு பெண்களிடம் கண்ணடித்தான். முகம் உலர்ந்தே இருந்தது. லூலாவுக்கு மனசு விட்டுப்போயிற்று என்று புரிந்ததும் ஐந்தாவது பெண்ணிடம் அழுதான். படத்தில் போலீஸ் வேடத்தில் அவனைத் துரத்தி ஓடி ஏரியில் விழுவதற்குச் சம்பளம் வாங்கும் நாங்கள் கைதட்டினோம். யார் அழுதாலும் முதலில் கேமராவைத் தேடுவதுதான் எங்கள் பண்பாடு.

லூலா, டொலிடோ ஊரிலுள்ள அம்மா வீட்டுக்கு ரயிலேறினாள். ஹிராம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "இறங்குடி, ஊரே பாக்குது" என்றான்.

"பாக்கட்டும். டிக்கெட் வாங்கியா பாக்கறாங்க?"

அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். நல்ல மீசை. லூலா அவரைப் பார்த்துச் சிரித்தாள், இம்முறை விளையாட்டில்லை. ஹிராமின் கை ஜன்னலிலிருந்து நழுவியது. அடுத்த கணம் அவன் தோளுக்கு மேலாக ஓர் அப்பம் உள்ளே பறந்து லூலாவின் முகத்தில் உட்கார்ந்தது. பொன்முடி என்பதால் பிளாக்பெர்ரி.

அவள் உதட்டை நக்கிப் பார்த்தாள். "சர்க்கரை கம்மி. இதுலயும் கஞ்சத்தனமா?" என்றபடி பெட்டியோடு இறங்கினாள். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் மறு டேக் உண்டா என்று கேட்டுத் தண்டவாளத்திலேயே காத்திருந்ததில் ரயில் தாமதமானது.

அதற்குப்பின் அந்த வீட்டில் இரண்டு நிறத்திலும் அப்பம் பறந்தது. மிச்சம் கிடைக்கும் என்று நாங்கள் கரண்டியோடு போவோம். ஐஸ்காரன் மட்டும் குடையோடு வருவான்.