மூடும் நேரத்துப் பாட்டு

சங்கத்திலிருந்து வந்த க்ரேஷிமிர் சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவியைச் சுவரில் காட்டி எங்கள் கிளப்பை அளந்தார். அளந்துகொண்டே போனார். போய்க்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு முறுக்கிய கொட்டடி அது. அகலத்தில் ஒரு லாரி திரும்ப இடமிருக்காது, நீளத்தில் ஒரு கப்பலையே கிடத்தலாம். அதனால்தான் 'கோனோப்' என்று பெயர் வைத்தேன், எங்கள் மொழியில் கயிறு என்று. பாடுகிறவர்கள், கேட்கிறவர்கள், குடிக்கிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுவார்கள். மிச்சம் இருட்டு. அங்கே உடைந்த ஒலிபெருக்கிகளும் யாரோ மறந்துபோன ஒரு சைக்கிளும்தான் குடியிருக்கின்றன.

"அந்தக் கோடி வரைக்கும் பாட்டுக் கேக்குமா சார்?" என்று கேட்டார்.

"அங்க இருக்கிற எலிங்களைத்தான் கேக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. திட்டக்கூட முடியாத அளவுக்கு மரியாதையாக இருந்தார், எனக்கு அதுதான் எரிச்சல்.

பாட்டு எழுதியவர்களுக்காகக் கட்டணம் வசூலிப்பது அந்தச் சங்கம். போன வருஷம் வரை டிக்கெட் வாங்கியவர்களின் தலைக்கு இவ்வளவு என்றிருந்தது. இந்த வருஷம் முதல் கூடத்தின் பரப்புக்கு. ஒரே கோடு போட்டு மாற்றினார்கள், எனக்கு மூன்று மடங்காகிவிட்டது. நடுவில் சுவர் எழுப்பிக் கூடத்தைச் சுருக்கலாமே என்று நகராட்சிக்குப் போனேன். பழமையான கட்டடமாம், பாதுகாக்கப்பட்டதாம், ஒரு ஆணி அடித்தாலும் வழக்குப் போடுவார்களாம். கூரை ஒழுகும்போது இந்தப் பாதுகாப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அதற்கு வேறு அலுவலகம் என்றார்கள்.

ஒரே ஒரு சந்து இருந்தது. சங்கத்து உறுப்பினர் யாருடைய பாட்டும் ஒலிக்காத நிகழ்ச்சி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அன்றைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் ஒரே ஒரு பாட்டு மாறி ஒலித்துவிட்டாலும் பொய் சொன்னதாகிவிடும், வருஷத்து முழுக் கட்டணமும் ஒரே அடியாகத் தலையில் விழும். விழுந்தால் மறுநாளே கோனோப்புக்குப் பூட்டுத்தான். வேறு எதற்கும் என்னிடம் தெம்பில்லை.

மோரானாவைக் கூப்பிட்டனுப்பினேன். அவள் எங்கள் ஊர்ப் பாடகி. கோனோப் திறந்த முதல் வாரத்தில் கிடாரோடு வந்து நின்றவள். பெரிய கம்பெனி எதுவும் அவளைச் சீண்டியதில்லை, அவளும் யாரையும் தேடிப் போனதில்லை. சொந்தமாக எழுதுவாள், சொந்தமாகப் பாடுவாள், குறுந்தகடுகளைத் தோள்பையில் போட்டு விற்பாள். எங்கள் கடற்கரையில் அவள் பாட்டுத் தெரியாதவர்கள் குறைவு. வானொலிக்கு மட்டும் தெரியாது.

"உன் சொந்தப் பாட்டைப் பாடேன், யாரு காசு கேக்கப் போறா?" என்றேன்.

"அட கிழவா!" என்றாள். நாங்கள் நண்பர்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். "என் பாட்டு எனக்குச் சொந்தமா? இருபது வயசுல கையெழுத்துப் போட்டுட்டேன். அப்ப எல்லாரும் சொன்னாங்க, சேந்துடு சேந்துடுன்னு. எழுதினது, எழுதப் போறது, எல்லாம் அவங்களுக்கு. இன்னும் பொறக்காத புள்ளைக்கும் சேத்து எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்ப நீ பாடினா நான் கட்டணும்."

"ஆமா. நீ எனக்காகக் கட்டுவ. அவங்க அதை வானொலியில ஓடுறவங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. எனக்கு வருஷக் கடைசியில ஒரு காப்பி குடிக்கிற காசு வரும்."

"வெளிய வந்துடேன்."

"விலகுறேன்னு எழுதிப் போட்டாச்சு. பாட்டெல்லாம் கைக்கு வர இன்னும் மூணு வருஷமாம். அதுவரைக்கும் நீ தாக்குப் பிடிப்பியா?"

அவள் என் கிளாஸை இழுத்து, தண்ணீர் கலந்த ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, எவனுக்கும் சொந்தமில்லாத பாட்டா பாடுறேன்" என்றாள்.

தீவுகளில் வலை இழுக்கும்போதும் ஒப்பாரி வைக்கும்போதும் பாடிய பழம்பாட்டுகளைத் திரட்டினாள். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆகவே வசூலிக்கவும் ஆளில்லை. எழுதிக் கொடுத்தோம். வாசலில் நானே நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: இன்றைக்கு மோரானாவின் பாட்டுக் கிடையாது, கேட்டு நச்சரிக்காதீர்கள். சாராயக் கூடத்தில் தொங்கும் கப்பல் மணியையும் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மணிக்குக் காரணம் உண்டு. எங்களிடம் ஒரு வழக்கம். மூடும் நேரம் வந்தால் மணி அடிப்போம், வெள்ளை விளக்கைப் போடுவோம். உடனே கூட்டம் முழுக்க, கழற்றிப் போட்ட மேல்கோட்டைத் தேடிக்கொண்டே, மோரானாவின் பாட்டு ஒன்றைப் பாடும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனின் பாட்டு. முதல் வருஷம் ஒருநாள் அவளே பாடி ஆட்களை வெளியே தள்ளினாள், அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் ஊரில் இல்லாத நாட்களிலும் பாடுவார்கள். எழுதியது அவள் என்று தெரியாத பிள்ளைகளும் பாடுவார்கள்.

அன்றிரவு க்ரேஷிமிர் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தார். சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். மோரானா பாடினாள். இவ்வளவு கோபமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. செத்துப்போன மீனவன் மனைவியின் புலம்பலை அவள் இழுத்தபோது பின்னிருட்டு வரைக்கும் அது போய்த் திரும்பியது. எலிகளும் கேட்டிருக்கும், அவர் அளந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் கைதட்டியது. அவள் தலை குனிந்து மேடையை விட்டு இறங்கினாள், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு. உடம்பு அப்படியே லேசாகிவிட்டது.

அந்த லேசில் என் கை விளக்கைப் போட்டது.

நான் போடவில்லை, கைதான் போட்டது என்று இன்றைக்கும் வாதாடுவேன். இத்தனை வருஷமாக நிகழ்ச்சி முடிந்தால் போடுகிற கை. மணியைப் பூட்டி வைத்த புத்திசாலிக்கு விளக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளை வெளிச்சம் அடித்தது. யாரோ ஒருத்தி கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்துக்கொண்டே முதல் வரியை எடுத்தாள். அடுத்த வரிக்கு இருபது பேர். அதற்கடுத்த வரிக்குக் கூடமே.

மோரானா மேடைக்குப் பாய்ந்து ஏறினாள். மைக்கைப் பிடித்து, "பாடாதீங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். எப்போதும் அவள் அப்படிச் சீண்டுவது வழக்கம், 'கழுதைங்களா, சுதி சேரல, நிறுத்துங்க' என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினார்கள். "சொல்றது புரியலையா? கிளப் போயிடும்! தயவுசெஞ்சு நிறுத்துங்கப்பா!" நான் விளக்கை அணைத்தேன். இருட்டில் இன்னும் நன்றாகப் பாடினார்கள். செல்போன் வெளிச்சங்களைத் தூக்கி ஆட்டினார்கள். திரும்பப் போட்டேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அவள் அழுவது தெரிந்தது போலிருக்கிறது, அவர்கள் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் கடைசி வரி வரை பாடித்தான் முடித்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் பாட்டைத் தானே பாடிவிடக் கூடாதே என்று பொத்திக்கொண்டாள்.

க்ரேஷிமிர் என்னிடம் வந்தார். "கூட்டம் பாடினாலும் கணக்குதான் சார். மன்னிக்கணும்."

"தெரியும்."

"எழுதினவங்க பேரு?"

"அதோ நிக்கிறா."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்க பங்கு அவங்களுக்குப் போய்ச் சேந்துடும் சார், கவலைப்படாதீங்க" என்றார். கேலியில்லை. ஆறுதல் சொல்வதாக உண்மையிலேயே நினைத்தார்.

கோனோப் பூட்டிக் கிடக்கிறது. பாதுகாக்கப்பட்ட கூரை ஒழுகுகிறது. வசந்தத்தில் ஒருநாள் மோரானா போன் செய்து மீன் சந்தைக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். "என் பங்கு வந்துடுச்சு கிழவா. இன்னைக்கு என் செலவு."

"எவ்வளவு?"

"ரெண்டு காப்பி. உனக்குப் பால் வேணாம், பால் ஊத்தினா பத்தாது."

இருவரும் சிரித்தோம். நான் பாலில்லாமலே குடித்தேன். வெயில் நன்றாக இருந்தது. அவள் கண்ணாடிக்கு வெளியே சந்தையைப் பார்த்தபடி, தன்னையறியாமல் விரலால் மேசையில் தாளம் போட்டு அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதல் வரி முடிவதற்குள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரைப் பார்த்தாள்.

"பாவம், சின்னக் கடை" என்றாள்.