கண்ணை மூடினால்

அய்யாக்கண்ணுவுக்குத் தெலுங்கு வராது. செகந்திராபாத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும், ரயில்வே பட்டறையில் சுற்றிலும் ஆற்காட்டுக்காரர்களாக இருந்தால் எங்கிருந்து வரும்? வெளியில் அவனுக்கு வாயாக இருந்தவள் பெண்டாட்டி தாயம்மாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். சந்தையில் தெலுங்கில் சண்டை போட்டால் எதிராளி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அறுபத்து நாலில் அவனுக்கு டி.பி. வந்தது. தினம் ஓர் ஊசியாகத் தொண்ணூறு ஊசி. மருந்து நடக்கும்போது குடித்தால் பட்டறைக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்று டாக்டர் முதல் நாளே கறாராகச் சொன்னார். சம்பள நாளில் கள்ளுக் காம்பவுண்டு வழியாகவே வீடு வந்து பழகியவன் அவன்.

நாற்பது ஊசி ஆனதும் தள்ளாட ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா மாமா?”

“ஒரு சொட்டு தொடல தாயி. ஊசி போட்டதுலேருந்து தரை ஆடுது. காதுல ஓயாம இரையுது.”

“எங்கே, ஊது.”

ஊதினான். மருந்து நெடிதான் அடித்தது. அந்த நெடியில் கள்ளு வாடையை மறைக்கிறான், பலே ஆள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலனி மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். அவன் கைகூப்பிக் கண்ணை மூடினான். மூடியதும் அப்படியே சரிந்து பூக்கூடை மேல் விழுந்தான். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், ஊசிக்கு அழைத்துப் போனாள், பேசவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் டாக்டர் கேட்பார், “தல திருகுதோந்தா?” தலை சுற்றுகிறதா என்று அர்த்தம். காதில் இரைச்சல் உண்டா என்றும் கேட்பார். உண்டு என்றால் குடி வெளிவந்துவிடும், வேலை போய்விடும். அவனைக் கேட்காமலே தாயம்மாள் சொல்வாள், “லேது சார்.” பக்கத்தில் அவன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

தொண்ணூறும் முடிந்தது. நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டர். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். அய்யாக்கண்ணு திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவர் முகம் மாறியது. அவனைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடும்படி சைகை காட்டினார். மூடினான். விழுந்தவனை அவரே தாங்கிப் பிடித்தார்.

தாயம்மாளுக்குப் பூக்கூடை ஞாபகம் வந்தது.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது, கேட்பது அதனால். அதை ஒட்டியே மூன்று மெல்லிய வளையங்கள், உள்ளே நீர். தலை அசைந்தால் அந்த நீர் அசைந்து, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று சொல்லும். இந்த ஊசி சிலருக்கு இரண்டையுமே கெடுத்துவிடும். கண் திறந்திருந்தால் கண் பார்த்துச் சமாளிக்கும். மூடினால் பிடிமானம் இல்லை.

“தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருப்பேனே. வாரா வாரம் கேட்டேனே அம்மா?”

“இனிமே திரும்பாதா சார்?”

திரும்பாது என்று அவர் தலையை ஆட்டினார்.

அவள் பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் அவனுக்குக் கடைசியாகக் காது கேட்டிருக்கிறது. பாவி, ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீ குடிக்கல மாமா. அந்த டாக்டர் கேட்டப்பல்லாம் நான்தான் இல்லேன்னேன். நான்தான் உன்னைக் கெடுத்தேன்.”

அவள் உதடுகளையே பார்த்தான். அவள் அழுதுகொண்டே பேசினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் அவனுக்குத் தெரியும். சுவரைப் பிடித்து எழுந்து, சாமி மாடத்திலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினான். உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

“சத்தியமா குடிக்கல தாயி!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.