சுமந்த் கொடுத்த தொட்டி

ஸ்ரீலட்சுமிக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்கு அடுத்த மேஜை சுமந்த். மாற்றலாகிப் புனே போகிறவன் தன் மீன்தொட்டியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? ‘இதை நன்றாகப் பார்த்துக்கொள்ள ஸ்ரீயால்தான் முடியும்’ என்று சொல்லி அவளிடம் கொடுத்தான். அவளை ‘ஸ்ரீ’ என்று கூப்பிடுவது தான் மட்டுமே என்று அதுவரை நம்பியிருந்த கணவன் தாணுவுக்கு வயிறு எரிந்தது.

தாணு ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மொத்தக் கடையில் கணக்குப் பார்ப்பவன். சுமந்த் பெயரைச் சொல்லும்போது மனைவியின் முகம் மலர்வதாக அவனுக்குத் தோன்றும். மலர்ந்ததா என்பது வேறு விஷயம்.

தொட்டி வந்த அன்றே குறை தேடினான். கூட வந்த அட்டைப்பெட்டியில், மீன்வலைக்கும் குழாய்க்கும் அடியில், பாதி காலியான மருந்துக் குப்பி கிடைத்தது. செம்பு கலந்த மருந்து. மீனுக்குப் புள்ளிநோய் வந்தால் ஊற்றுவது. மீன் தாங்கும், நத்தையும் இறாலும் தாங்காது. கல்லிலும் கண்ணாடியை ஒட்டிய பசையிலும் செம்பு ஊறி நின்று மெல்லக் கசியும் என்று போனில் படித்தபோது தாணுவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஸ்ரீலட்சுமி வளர்க்க ஆசைப்பட்டதே சிவப்புக் குட்டி இறால்தான்.

"விஷத்தையாக்கும் தந்து விட்டிருக்கான் உன் சுமந்த்," என்றான்.

"அவரு முன்னாடியே சொல்லியாச்சு. மருந்து ஊத்தின தொட்டி, நல்லா கழுவி, ஒரு நத்தைய விட்டுப் பாத்துட்டுதான் இறால் விடணும்னு. நத்தை செத்தா தொட்டியத் தூக்கிப் போட்டிரலாம்."

அந்த நேர்மை தாணுவை இன்னும் எரித்தது. "நானே கழுவுதேன்," என்றான். எல்லாம் செய்தும் நத்தை செத்தால் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாதே.

பழைய கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் முதலில் குப்பையில் போட்டான். சுமந்த் கை பட்டவை அல்லவா. சோப்புப் பக்கம் போகாமல் வினிகரால் துடைத்தான். மூலைகளில் இருந்த பசையைப் பிளேடால் சுரண்டியெடுத்து, புதிதாகப் பூசிக் காயவைத்தான். தண்ணீர் நிறைத்து, ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிறைத்தான். கரி வைத்த வடிகட்டியை ஓடவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து தன் சட்டையைக்கூட அவன் அப்படித் துவைத்ததில்லை. கடைசியில் நத்தையை விட்டான்.

பிறகு காத்திருந்தான். கடைக்குப் போகுமுன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. செத்துத் தொலையேன் என்று மனதார வேண்டிக்கொண்டான். நத்தையோ கொம்பை நீட்டிக்கொண்டு கண்ணாடி முழுக்க உலாத்தியது. ஸ்ரீலட்சுமி அதைப் படம் பிடித்து, தாணு தொட்டி கழுவிய கதையையும் எழுதிப் புனேக்கு அனுப்பினாள். பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தாள், வெகுநேரம்.

அந்தச் சிரிப்பைத்தான் தாணுவால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அடுக்களையில் தோசை சுடும்போது அட்டைப்பெட்டியைத் திறந்தான். கொஞ்சம் மருந்து ஊற்றினால் போதும். நத்தை போகும், தொட்டி போகும், தொட்டியோடு அந்தப் பெயரும் வீட்டை விட்டுப் போகும். வலையை எடுத்தான், குழாயை எடுத்தான். பெட்டியைக் கவிழ்த்தே பார்த்தான். குப்பி இல்லை.

"அது அங்க இல்ல," என்றாள் ஸ்ரீலட்சுமி, தோசையைத் திருப்பியபடி. "தொட்டி வந்த மறுநாளே என் பேக்ல போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோயாச்சு."

"எதுக்கு?"

"உங்கள எனக்குத் தெரியும்லா அத்தான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தாணு வலையையும் குழாயையும் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு அவன் என்ன எழுதினான், அப்படிச் சிரிச்சே?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"தொட்டிய இவ்வளவு பாடுபட்டுக் கழுவியிருக்காரே, உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல இவ்வளவு பிரியமான்னு கேட்டிருந்தாரு. சிரிக்காம என்ன செய்ய?"