கராச்சி ஒரு வெற்றிலைத் தூரம்

கராச்சியிலிருந்து கொழும்புக்கு ஆயிரத்து ஐந்நூறு மைல். தபால் விமானத்துக்கு இரண்டே நாள். முப்பத்தெட்டாம் ஆண்டு இந்தச் செய்தியை எருக்கலம்பிட்டியில் முதலில் சொன்னவன் நான்தான். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். நான் குத்திய குத்தில் மன்னார்த் தீவு அரை அங்குலம் கடலுக்குள் இறங்கியது.

ஆனால் என்னைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் உம்மு குல்சூம் மைலுக்கு மசிகிறவள் அல்ல. கராச்சித் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் தம்பி மகன் சனூனுக்கு அவள் மகள் கைருன்னிசாவைக் கேட்டுப் போயிருந்தேன். கலியாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டில்தான். மாப்பிள்ளை லீவுக்கு வந்து போவான்.

“என்ட மகளுக்கு ஒரு வருத்தம், காய்ச்சல் எண்டு தந்தி அடிச்சா, அவர் எத்தினை நாளில வந்து நிப்பார்?”

“ரெண்டு நாள், தங்கச்சி. ஏறி இருந்து கொட்டாவி விட்டா, வாயை மூடக் கொழும்பு.”

“மைலையும் மணியையும் நான் கண்டேனா, காக்கா? அங்கயிருந்து ஒரு வெத்திலை வரட்டும். அதைச் சப்பிப் பாத்துச் சொல்லுறன்.”

எங்கள் பக்கத்தில் தூரத்தை அப்படித்தான் அளப்பார்கள். பக்கத்து அரிப்புக் கிராமம், இடியப்பத் தூரம். கட்டிக்கொண்டு போனால் புளிக்க முன் போய்ச் சேரலாம். பினாங்கு, தொதல் தூரம். அந்த இனிப்பு மாதக் கணக்கில் கெடாது.

சனூன் கடிதத்துக்குள் ஓர் இலையை வைத்து விமானத்தில் போட்டான். விமானம் எங்கள் தலைக்கு மேலால்தான் பறந்தது. பைலட்டுக்கு இரக்கம் வந்து கடிதத்தைப் போடுவான் என்று முற்றத்தில் குடையை மல்லாத்திப் பிடித்தேன். போடவில்லை. கடிதம் கொழும்பில் இறங்கி, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கி, ரயிலேறித் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் உறையைத் திறந்தால், தம்பி மகனின் கலியாணம் சுருட்டுப் புகையிலை போலக் காய்ந்து கிடந்தது.

அதைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். சந்தைக்கு ஓடி, அடம்பனிலிருந்து வெற்றிலை கொண்டுவரும் ஏரம்புவிடம் ஒரு பச்சை இலை வாங்கி உறைக்குள் வைத்தேன்.

உம்மு குல்சூம் மடித்தாள். டக்கென்று முறிந்தது. சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, கண்ணை மூடி மென்றாள். கதவுக்குப் பின்னால் கைருன்னிசாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

“காக்கா.”

“ஓம் தங்கச்சி.”

“கராச்சியிலயும் ஏரம்புவா வெத்திலை விக்கிறார்? அடம்பன் குளத்துச் சேறு மணக்குது. மற்றதை எடுங்கோ.”

கதவுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. நான் பையைத் தடவி எடுத்துக் கொடுத்தேன். அவள் மடித்தாள், பொடிந்தது. பொடியைச் சிந்தாமல் அள்ளி, சுண்ணாம்போடும் பாக்கோடும் வாயில் போட்டாள். அவள் மென்ற நேரத்துக்குள் விமானம் கராச்சிக்குப் போய்த் திரும்பியிருக்கும். கடைசியில் படிக்கத்தில் துப்பி, எட்டிப் பார்த்தாள்.

“வாடினாலும் சிவக்குது. ஓம் எண்டு எழுதுங்கோ.”

நான் உட்கார்ந்திருந்த கதிரையோடு துள்ளினேன்.

“பொறுங்கோ, இதையும் எழுதுங்கோ. அவசரத்துக்கு எதில வந்தாலும் வரட்டும். நிக்காஹுக்கு மட்டும் ரயிலிலயும் கப்பலிலயும் வரச்சொல்லுங்கோ. ஒரு வெத்திலையையே இப்பிடிக் காயவைக்கிற சாமான், புது மாப்பிள்ளையை என்ன பாடு படுத்தும்?”