பன்னிரண்டாம் கேள்விக்குச் சரியான விடை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. போன மாதம் அலுவலகத்தில் கட்டாயம் என்றார்களே என்று ஓர் இணையப் பாடத்தை ஓடவிட்டுவிட்டு, நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'முழுவதும் படித்தேன்' என்ற கட்டத்தில் கூசாமல் டிக் போட்டேன். சான்றிதழ் வந்தது. மானங்கெட்ட பிழைப்பு என்று நினைத்தபோதுதான், இந்தப் பாடத்தைச் செய்தவள் யாராக இருப்பாள் என்ற யோசனையும் வந்தது.

2

[தொடக்கம்: "அவள் சன்னலைத் திறந்தபோது மழை..." வேண்டாம். மழையில் தொடங்கினால் நீங்களும் துணி மடிக்கப் போய்விடுவீர்கள்.]

நேராகவே சொல்கிறேன். அவள் பேருந்து ஓட்டுநர்களுக்கு இணையப் பாடம் செய்பவள். பெரியவர்களுக்கு அலுக்கக் கூடாதே என்று, கண் சிமிட்டிப் பேசும் பேருந்துப் பொம்மை ஒன்று வைத்தாள். சரியான விடைக்கு அது கைதட்டும், தப்புக்கு அழும். பன்னிரண்டாம் கேள்வி: 'ஓடும் வண்டிக்குள் பயணி விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?' மேலதிகாரி தந்த கையேட்டைப் பார்த்து, நாலு விடைகளில் இரண்டாவதைச் சரி என்று வைத்தாள்: கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.* இதில் தவறினால் தேர்ச்சி கிடையாது.

* கையேட்டை எழுதியவர் காரில் போகிறவர். இட்டுக்கட்டியதுதான், ஆனாலும் பந்தயம் கட்டத் தயார்.

3

நானூற்றுப் பன்னிரண்டு பேர் தேறிவிட்டார்கள். தேறாதவர் ஒரே ஒருவர்: அவளுடைய சித்தப்பா. இருபத்தெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவர். (அவரைச் சித்தப்பா ஆக்கியது என் வசதிக்காக. அந்நியர் என்றால் அவள் போனையே எடுத்திருக்க மாட்டாள்.) இரண்டு முறை தோற்றாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குள் மூன்றாம் முறையும் தோற்றால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். பணிமனையில் வண்டி கழுவ வேண்டியதுதான்.

"சித்தப்பா, ரெண்டாவதைத் தட்டுங்க. எல்லாரும் அதைத்தான் தட்டினாங்க."

"வண்டியை நிறுத்தணும்னு நாலாவதா இருக்கேம்மா?"

"அது தப்புன்னு வச்சிருக்கேன்."

"நீயா வச்சே?" என்றார். "தட்டிடுவேன்மா, ஒரு விரல் வேலை. ரெண்டு வாரமா அந்தப் பொம்மை வேற என்னைப் பார்த்து அழுவுது. ஆனா நாளைக்கு ஒருத்தர் நிஜமாவே விழுந்தா, என் கால் பிரேக்குக்குப் போகணுமா, கை போனுக்குப் போகணுமா? அதையும் நீயே சொல்லிடு."

[இங்கே 'ஏட்டுச் சுரைக்காய்' என்று எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.]

அவளுக்கு வந்தது வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

4

மணி நாலே முக்கால். விடையை அவளே திருத்தலாம். திருத்தினால் நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழும் செல்லாது. அவள் வேலையும் போகும். அவள் துணிந்து திருத்தினாள் என்று எழுதிப் பார்த்தேன், நானே நம்பவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதைத் தட்டினார், பொம்மை கைதட்டி... இதை முடிக்கக் கை வரவில்லை.

ஆகவே உங்களிடமே விடுகிறேன். நீங்களும் பெரியவர்தானே, கைதட்டலெல்லாம் கிடையாது. அவள் திருத்துவதா, அவர் தட்டுவதா? பதினைந்து நிமிடம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை சித்தப்பாவின் தடத்தில் போகும் வண்டியில் சரியான கூட்டம். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் வருகிறீர்கள். ஓட்டுகிறவரின் முதுகு மட்டும் தெரிகிறது.